ஏற்காட்டில் காட்டேஜ்: சனிக்குப் பதில் ஞாயிறு

ஏற்காட்டில் காட்டேஜ் எடுப்பதானால் சனி இரவை விட்டுவிட்டு ஞாயிறு, திங்கள் இரவுகளைக் கேளுங்கள். வார இறுதிக் கூட்டம் ஞாயிறு மதியமே மூட்டை கட்டத் தொடங்கிவிடும். காலியாகும் அறையை நிரப்பியாக வேண்டும் என்பதால் பல இடங்களில் வாடகை இறங்கும், பேரம் பேசவும் இடம் இருக்கும். திங்கள் காலை ஏரியில் படகுக்கு அவ்வளவாக வரிசை இராது, அது தனிச் சுகம். ஆனால் சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எதிரே வண்டிகள் இறங்கிக்கொண்டிருக்கும். நிதானமாக, இருட்டுவதற்குள் ஏறிவிடுங்கள்.

மே மாதத்தில் இந்தக் கணக்கு செல்லாது. பள்ளி விடுமுறை, கோடை விழா என்று அப்போது எல்லா நாளும் சனிக்கிழமைதான். திங்கள் அரசு விடுமுறையாக வந்தால் எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.