‘எப்படித் தெரிஞ்சுது?’ - யூகேஜி பிள்ளைகளைக் கணக்குப் பேச வைக்க ஒரு செய்முறை

நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். “ஏழு மூடி எடுத்துட்டு வா கண்ணு” என்றால் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். இரண்டு வருடம் தட்டுத்தடுமாறிய பிறகு கைக்கு வந்த முறை இது. தினமும் பத்து நிமிடம் போதும். வட்டமாக உட்கார வைப்பது, சத்தத்தை அடக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாடுதான், அதை விட்டுவிடுகிறேன்.

என்னென்ன வேண்டும்

முட்டை அட்டை, புளியங்கொட்டை. அவ்வளவுதான். 30 முட்டை வைக்கும் அட்டையில் வரிசைக்கு ஐந்து குழி, மொத்தம் ஆறு வரிசை. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழி அட்டை மூன்று கிடைக்கும். புளியங்கொட்டையைத் தாயம் விளையாட உரசுவது போல ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் வெள்ளையாகும்வரை உரசிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் கலர் பிளாஸ்டிக் கரடிகளை நானும் வாங்கினேன். “எனக்கு ரோஸ் கரடிதான் வேணும்” என்ற சண்டையைத் தீர்ப்பதிலேயே பீரியட் முடிந்துவிடும்.

படி 1: மொத்தம் எத்தனை?

ஐந்து கொட்டையை வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் “அப்போ மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். பிள்ளை திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. கெல்மன், காலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1978இல் எழுதிய எண்ணும் விதிகளில் இதுவும் ஒன்று. இது வராமல் கூட்டலுக்குப் போனால் வீண். எண்ணி முடித்ததும் கொட்டைகளைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டு, “இதோ, எல்லாம் சேர்த்து அஞ்சு” என்று நீங்களே சொல்லிக் காட்டுங்கள். சில நாளில் பிள்ளைகளே வட்டம் போட ஆரம்பிப்பார்கள்.

படி 2: பார், மூடு, சொல்

நான்கு கொட்டையை இரண்டு விநாடி காட்டிவிட்டுத் துண்டால் மூடிவிடுங்கள். மூன்று, நான்கு வரை எண்ணாமலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். பல்லாங்குழியில் குழிக்குள் நான்கு சேர்ந்ததும் “பசு!” என்று பாட்டிகள் அள்ளுவார்களே, எண்ணிப் பார்த்தா அள்ளுகிறார்கள்? அதே வித்தைதான். ஐந்து, ஆறுக்குப் போகும்போது “எத்தனை?” என்று கேட்காமல் “என்ன பார்த்தீங்க?” என்று கேளுங்கள். “மேல மூணு, கீழ ரெண்டு” என்று ஒரு வாண்டு சொல்லும். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

படி 3: ‘எப்படித் தெரிஞ்சுது?’

நான் வழுக்கி விழுந்த இடம் இது. பதில் சரியாக வந்ததும் “வெரி குட்” என்று சொல்லிவிடுவேன், அத்தோடு வகுப்பே வாயை மூடிக்கொள்ளும். சரி, இனி “எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்போம் என்று முடிவு செய்தேன். நிலைமை இன்னும் மோசமானது. “அஞ்சு” என்று சரியாகச் சொன்ன பிள்ளையிடம் கேட்டால், முகம் சுருங்கி “இல்ல மிஸ்... ஆறு” என்றது.

காரணம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை தப்பாகச் சொன்னவர்களிடம் மட்டும்தான் நான் மறுகேள்வி கேட்டிருக்கிறேன். மிஸ் மறுபடி கேட்டால் தப்பு என்று அர்த்தம். பிள்ளைகள் என்னைச் சரியாகத்தான் படித்து வைத்திருந்தார்கள்! அதனால் முதல் இரண்டு வாரம், சரியான பதிலுக்கு மட்டும் “எப்படித் தெரிஞ்சுது?” என்று கேளுங்கள். பயம் போன பிறகு எல்லாப் பதிலுக்கும் ஒரே குரலில் கேட்கலாம்.

கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன என்று 1970களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் கண்டறிந்தார். மூன்று விநாடி வகுப்பில் மூன்று நிமிடம் போல இருக்கும். நான் முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கி எண்ணுவேன்.

பதில் தமிழில் வந்தால் தடுக்காதீர்கள், ஆங்கிலவழிப் பள்ளியானாலும் சரி. பதினொன்று என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் ஒன்றும் கேட்கிறது. ‘லெவன்’ என்பதில் என்ன கேட்கிறது? ‘தர்ட்டீனும் தர்ட்டியும்’ குழப்புவது தனிக் கதை.

படி 4: வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை?

உரசிய கொட்டை ஐந்தைக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். “ரெண்டு வெள்ளை, மூணு கறுப்பு.” அடுத்த முறை நான்கும் ஒன்றும். “அஞ்சும் வெள்ளையா விழுமா மிஸ்?” என்ற கேள்வி தானாக வரும். பதில் சொல்லாதீர்கள், போட்டுப் பார்க்கட்டும்.

பின்சேர்க்கை 1: கொட்டைகள் சிதறி விழுந்தால் “இப்ப நிறைய ஆயிடுச்சு” என்கிறார்களே என்று கமெண்டில் ஒரு டீச்சர் கேட்டிருந்தார். பரப்பி வைத்தால் எண்ணிக்கையே கூடிவிட்டதாகப் பிள்ளைகள் நினைப்பதைக் குழந்தை உளவியலாளர் பியாஜே விவரித்திருக்கிறார், அதே விஷயம்தான், இந்த வயதுக்கு இயல்பு. திருத்த வேண்டாம். கொட்டைகளைப் பத்துக் குழி அட்டையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு வரிசை நிரம்பி நிற்பதை அவர்களே பார்ப்பார்கள்.

பின்சேர்க்கை 2: நாற்பது பேர் இருந்தால்? வட்டத்தில் பத்துப் பேர், மற்றவர்களுக்குச் சிலேட்டில் படம். நாளுக்கொரு குழு என்று மாற்றுங்கள்.

பின்சேர்க்கை 3: எல்கேஜிக்குப் புளியங்கொட்டை வேண்டவே வேண்டாம். என் வகுப்பில் ஒன்று மூக்குக்குள் போய், டாக்டர்தான் எடுத்தார். பெரிய டப்பா மூடிகள் வைத்துக்கொள்ளுங்கள். யூகேஜியிலும் முடிந்ததும் கொட்டைகளை எண்ணித் திரும்ப வாங்குங்கள். அந்த எண்ணிக்கையையும் பிள்ளைகளிடமே விடலாம். ஒன்று குறைந்தால் எனக்கு முன்னால் அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.