ஆபரேஷனுக்குப் பிறகு புரதப் பொடி கட்டியானதும், சரிசெய்த விதமும்

தையல் ஆறக் கஞ்சித்தண்ணி மட்டும் போதாது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது பொதுக்கணக்கு. 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம். தெம்புக்கு என்று நாம் அவித்துக் கொடுக்கும் மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கு) 100 கிராமுக்கு ஒன்றரை கிராம்கூடத் தேறாது, அத்தனையும் மாவுச்சத்து.

முதலில் சொதப்பியது பொடிதான். கொதிக்கிற பாலில் கொட்டினால் பொடியில் இருக்கும் வே புரதம் (whey, பாலிலிருந்து எடுப்பது) திரண்டு ரப்பர் மாதிரி ஆகிவிடும். அதனால் 30 கிராம் பொடியை அரை டம்ளர் ஆறின தண்ணீரில், மூடி போட்ட பாட்டிலில் குலுக்கிக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த கஞ்சியில் ஊற்றினேன். கட்டியே இல்லை. இதில் 20 முதல் 24 கிராம் புரதம் கிடைக்கும். வயிறு உப்பியது லாக்டோஸால், அதாவது பால் சர்க்கரையால். கான்சன்ட்ரேட் வகைப் பொடியை விட்டு, லாக்டோஸ் மிகக் குறைந்த ஐசொலேட் வகை வாங்கியதும் அடங்கியது. முதல் இரண்டு நாள் அரை ஸ்கூப்தான் (டப்பாவில் வரும் அளவுக் கரண்டியில் பாதி).

மீதிப் புரதம் அடுக்களையில் இருக்கிறது. முள் எடுத்த சாளை (மத்தி மீன்) 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம், இரண்டு முட்டையில் 12, அவித்த சிறுபயறு ஒரு கப்பில் 14, அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான பாலில் 13. புளிமுளம் (புளி ஊற்றிய மீன்கறி) வேண்டாம் என்றில்லை, வத்தல் மிளகாய் மட்டும் பாதி. ஒரே வேளையில் திணிக்காமல் நாலு வேளையாகப் பிரித்தால் குமட்டாது.

இரும்புச்சத்து மாத்திரையோடு சாயா குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. டப்பாவைத் திறக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.