படுவான்கரையில் ஒரு சைக்கிள் நாள்: வெயிலுக்கு முன் போய் வரும் வழி

மட்டக்களப்பு வாவியை எங்கள் ஊர்களில் ‘ஆறு’ என்றுதான் சொல்வார்கள். அந்த ஆற்றின் மேற்கே இருப்பது படுவான்கரை. வயலும் குளமும் மாட்டுப்பட்டியுமான நிலம், ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நகரிலிருந்து கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி வழியாக மண்முனைப் பாலம் கடந்து கொக்கட்டிச்சோலைக்குப் போய், மகிழடித்தீவு, கன்னன்குடா, வவுணதீவு என்று திரும்பி வலையிறவுப் பாலத்தால் நகருக்குள் வந்தால் ஒரு வட்டம் முடியும். ஏறக்குறைய 35 கிலோமீற்றர். கியர் இல்லாத சாதாரண லுமாலா சைக்கிளே போதும்.

இந்த வட்டத்தில் ஆளைச் சோர வைப்பது தூரமல்ல, வெயிலும் காற்றும்தான். அதனால் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பது முக்கியம். முதலில் பிரதான வீதியை முடித்துவிடுங்கள். காலை 5.30க்கு வெளிக்கிட்டால் காத்தான்குடிக் கடைத்தெரு விழிக்கும் முன் தாண்டிவிடலாம். ஆரையம்பதி கழிந்ததும் மண்முனைக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கறுக்கும் இடம் அது. பஸ்கள் நெருக்கமாக ஓடத் தொடங்கிய பிறகு அங்கே நடு வீதியில் காத்து நிற்பது ஆபத்து. மாற்றிச் சுற்றினால் களைத்துப்போன உச்சி நேரத்தில் அதே வீதியில் லொறிகளோடு வர வேண்டியிருக்கும்.

தை கடைசியிலிருந்து பங்குனி வரைதான் நல்ல காலம். மழை ஓய்ந்து, பெரும்போக வெள்ளாமை (மழைக்கால நெல்) விளைந்து நிற்கும். கார்த்திகை, மார்கழியில் போகாதீர்கள்; தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் ஏறும், தண்ணீருக்குள் வீதியின் விளிம்பு தெரியாது. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று. வெயில் ஏற ஏற மேற்கிலிருந்து சூடாக வீசும். கொக்கட்டிச்சோலையிலிருந்து வவுணதீவு வரை அது இடப்பக்கத்தில் அடிக்கும், மறைக்க ஒரு மரம் இராது. அந்த மாதங்களில் 9 மணிக்குள் வவுணதீவைப் பிடிக்கப் பாருங்கள். வலையிறவுப் பாலத்தில் அதே காற்று முதுகில் இருக்கும்.

முதல் நாள் மாலையே சைக்கிளைப் பாருங்கள். சீற் உயரம் சரியா என்று அறிய, பெடல் அடியில் இருக்கும்போது குதிக்காலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். நிற்க வசதி என்று சீற்றை இறக்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் 20 கிலோமீற்றரில் முழங்கால் நோகும். டயருக்கு 45 முதல் 55 பி.எஸ்.ஐ. காற்று, பின்சில்லுக்குச் சற்றுக் கூட. பெருவிரலால் பக்கவாட்டில் அழுத்தினால் சிறிது மட்டும் அமுங்க வேண்டும். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு ரப்பர் வெடித்திருக்கிறது. சூட்டில் அது சீக்கிரம் இற்றுப்போகும். ஒரு விரல் நீளத் துண்டு மாற்றுக்கு இருந்தால் போதும், இரண்டு நிமிட வேலை. இது தெரியாமல் ஓட்டை தேடி டியூபையே கழற்றுகிறவர்கள் பலர்.

பஞ்சர் பெரும்பாலும் ஓரத்து நெருஞ்சியால் வரும். டியூபில் ஓட்டையைக் கண்டதும், முதலில் டயரின் உட்புறத்தைப் பஞ்சால் சுற்றித் தடவுங்கள். முள் அங்கேயே இருந்தால் ஒட்டிய அடுத்த நிமிடம் திரும்பவும் குத்தும். டியூபை உப்புத்தாளால் உரசி, சொலூஷனை மெல்லிதாகப் பூசி, ஐந்து நிமிடம் விடுங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே ஒட்டுத் துண்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தில் வைத்த ஒட்டு வெயிலில் நழுவும். மாட்டும்போது டியூபுக்குச் சிறிது காற்று அடித்து, கடைசியில் வால்வை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். டயர் விளிம்புக்குள் டியூப் நசுங்கியிருந்தால் அது விடுபடும்.

ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். அதில் ஒரு லீற்றரில் ஒரு ஜீவனிப் பைக்கற் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். தாகம் வருமுன் கால் மணிக்கொரு தடவை இரண்டு மிடறு. காலைச் சாப்பாட்டைக் கொக்கட்டிச்சோலையில் வைக்கலாம். பிட்டானாலும் இடியப்பமானாலும் அரை வயிறோடு எழும்புங்கள். தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குள் போவதானால் ஒரு வேட்டி கரியரில் இருக்கட்டும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும்.

அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏறாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் ஒரு போக உழைப்பு. தவிர, தாரில் கிடக்கும் நெல்மணி சில்லுக்கடியில் உருளும். பிறேக் பிடித்தால் சறுக்கி விழுவீர்கள். எதிரே லேண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு மெசின்) வந்தால் இறங்கி நின்று வழி விடுங்கள். மாட்டுப்பட்டி குறுக்கிட்டால் மணி அடிக்க வேண்டாம், கன்றுகள் மிரண்டு சைக்கிள் பக்கமே ஓடி வரும். பட்டிக்காரர் ஒதுக்கித் தரும்வரை நில்லுங்கள்.

வழி அழகாக இருக்கிறதென்று உன்னிச்சைப் பக்கமாக மேற்கே இழுபட வேண்டாம். அங்கே காட்டு யானை நடமாட்டம் உண்டு. விடிகாலையும் பொழுதுபட்ட பிறகும் மோசம். கிராமத்துக்குள்ளும் வெள்ளாமை விளைந்த நாட்களில் யானை வரும். கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது, “ராவு ஆனை வந்ததா அண்ணே?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள், சரியான பதில் கிடைக்கும். ஆற்றில் முதலை இருக்கிறது. கால் கழுவுவதென்றாலும் ஊர்க்காரர் இறங்கும் துறையைக் கேட்டு இறங்குங்கள்.

எருமைத் தயிர் வாங்கினால் சட்டியைக் கரியரில் கட்டாதீர்கள், முதல் பள்ளத்திலேயே விரியும். துணியால் சும்மாடு சுற்றி அதன்மேல் சட்டியை வைத்து, முன்கூடைக்குள் இறுக்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செயினைத் துணியால் துடைத்துத் தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்றுப் பட்ட செயின் இரண்டு நாளில் துருவேறும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது வயல் புழுதியைப் பிடித்துப் பிசினாகிவிடும்.