ஸ்ட்ரீமர் போட்டு டிரவுட் பிடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மொன்டானாவில், மேடிசன், யெல்லோஸ்டோன் ஆறுகளின் பெரிய பிரவுன் டிரவுட் மீன், ஸ்ட்ரீமரை (சிறுமீன்போல் தெரிய இறகு கட்டிய தூண்டில் முள்) துரத்திவந்து கடிக்கும். கடித்த மீன் தவறிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் நம் கைப்பழக்கம். நீர்மேல் மிதக்கும் ஃப்ளையில் (பூச்சிபோல் கட்டிய முள்) பழகிய கை, கடி தெரிந்ததும் ராடை (தூண்டில் கோல்) தூக்கிவிடுகிறது. இழுவிசையை ராடின் வளைவு வாங்கிக்கொள்வதால் முள் தாடையில் ஏறாது. ஸ்ட்ரீமரும் மீனை விட்டு எங்கோ போய்விடும்.

ராட் முனை தண்ணீரைத் தொடுமளவு தாழ்ந்து, லைன் (தூண்டில் கயிறு) போகும் திசையிலேயே நேராக இருக்கட்டும். லைனை ராட் பிடித்த கையின் ஆள்காட்டி விரலுக்கு அடியில் ஓடவிட்டு, மறு கையால் இழுங்கள். மீன் கடித்தால் அதே கையால் நீளமாக, அழுத்தமாக இன்னொரு இழுப்பு. பாரம் தெரிந்த பிறகே ராடை உயர்த்த வேண்டும். மீன் ஸ்ட்ரீமரின் வாலை மட்டும் கவ்வியிருந்தாலும் ஸ்ட்ரீமர் ஓரிரு அடிதான் நகர்ந்திருக்கும். திரும்பிவந்து கடிக்க அதற்கு வாய்ப்பு இருக்கிறது.

மூழ்கும் லைனில் 9 அடி லீடர் (லைனையும் ஸ்ட்ரீமரையும் இணைக்கும் நரம்பு) கட்டுவதும் அடிக்கடி பார்க்கிற தவறு. லைன் ஆழத்துக்குப் போகும், ஸ்ட்ரீமர் மேலேயே நிற்கும். 4, 5 அடி போதும். லீடரின் கடைசிப் பகுதியான டிப்பெட், 0எக்ஸ் அல்லது 1எக்ஸ் என்ற தடித்த அளவில் இருக்கட்டும். பாய்ந்து கடிக்கும் மீன் நரம்பின் தடிமனைப் பார்த்துக்கொண்டிருக்காது. ஸ்ட்ரீமரை இறுக்கிக் கட்டாமல் சிறு வளைய முடிச்சில் தொங்கவிட்டால் தாராளமாக அசையும். ராட் 9 அடி நீளம், 6 அல்லது 7ஆம் எண் லைனுக்கு ஏற்றது.

கனமான ஸ்ட்ரீமரைக் காற்றில் பலமுறை முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். அதன் உலோகத் தலை ராடில் ஒருமுறை பட்டாலே அதன் கிராஃபைட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம். பிறகொரு நாள் பெரிய மீன் மாட்டும்போது அந்த இடத்தில் ஒடியலாம். ஒரே பின்வீச்சு, அகலமான வளைவு, உடனே விடுங்கள். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம்.

ஸ்ட்ரீமர் மீனை நோக்கியே நீந்தி வருவதுபோல் இழுப்பதும் வேண்டாம். எந்தச் சிறுமீனும் தன்னைத் தின்ன வருவதை நோக்கிப் போகாது. கரையோரக் குடைவு, பாறை நிழல் ஆகியவற்றை ஒட்டிப் போட்டு, அங்கிருந்து விலகி ஓடுவதாகக் காட்டுங்கள். இழுப்பு ஒரே தாளத்தில் இருக்கக் கூடாது: இரண்டு வேகமாக, ஒன்று நீளமாக, பிறகு ஒரு கணம் நிறுத்தம். வூலி பக்கர் போன்ற ஸ்ட்ரீமர்களில் உள்ள மாராபூ என்ற மென்மையான இறகு அந்த நிறுத்தத்தில்தான் விரியும். பல கடிகளும் அப்போதே வருகின்றன. ஆகவே நிறுத்தும்போதும் லைன் தொய்யக் கூடாது. பின்தொடரும் மீன் கண்ணில் பட்டால் இழுப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்காமல், இன்னும் வேகமாக இழுங்கள்.

ஒரே இடத்தில் இருபது முறை வீசிப் பயனில்லை. இரண்டு மூன்று வீச்சு, பிறகு ஆறு ஓடும் திசையில் இரண்டு எட்டு நகருங்கள்.

அக்டோபர், நவம்பரில் பிரவுன் டிரவுட் முட்டையிடும். ஆழமில்லாத இடத்தில் பாசியின்றி வெளுத்துத் தெரியும் கூழாங்கல் திட்டு அதன் கூடு. அங்கே நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடாதீர்கள். காலடியில் முட்டைகள் நசுங்கும் என்பதால் கரையேறிச் சுற்றிப் போங்கள்.