நடுவெயிலில் கிணற்றுத் தண்ணி: வீட்டில் கார் கழுவுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை கிளிநொச்சிப் பரந்தன் பக்கத்துத் தம்பி ஒருவர் தன் கறுப்பு அக்குவாக் காரைக் கொண்டுவந்து எங்கள் வளவு மாமரத்தின் கீழ் விட்டார். "அண்ணை, நானே கழுவினனான். கழுவக் கழுவ ஊத்தையாத்தான் தெரியுது. ஒருக்காப் பாருங்கோ" என்றார். பொனற்றுக்கு, அதாவது எஞ்சின் மூடிக்கு, கிட்டக் குனிந்து பார்த்தேன். பயறு அளவிலும் உளுந்து அளவிலும் நூற்றுக்கணக்கான வெள்ளை வளையங்கள். ஒவ்வொன்றும் நடுவில் மெல்லிசு, ஓரத்தில் தடிப்பு. விரலால் தடவினால் நெருநெருத்தது.

"எத்தனை மணிக்குக் கழுவினனீர்?"

"பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தால ஏத்திக்கொண்டு வந்து, சாப்பிட முதல்."

அதாவது ஒன்றரை, இரண்டு மணி. சோழகக் காற்று வீசுகிற காலம். தண்ணி நிலத்தில் விழ முதலே காய்ந்துவிடும். நான் 2014இல் செய்த அதே பிழை. அதைத்தான் இன்றைக்கும் மாதத்துக்கு மூன்று பேராவது செய்துவிட்டு என்னிடம் வருகிறார்கள்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்தான் காசு. திறந்த பிறகும் விலை உடனே இறங்கிவிடவில்லை. காணி விற்று, சீட்டுக் கட்டி வாங்கிய வாகனத்தைத் தன் கையாலேயே பழுதாக்குகிறார்களே என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன். உடுப்புத் தோய்க்கிற தூளால் கழுவக்கூடாது, பாத்திரம் மினுக்குகிற பச்சைத் துண்டால் தேய்க்கக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிணற்றுத் தண்ணியைக் காரின்மேல் காயவிடுவது

உங்கள் வீட்டுக் கேத்திலைத் திறந்து உள்ளே பாருங்கள். அடியில் வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருந்தால், அதே பொருக்கைத்தான் நீங்கள் காருக்கும் பூசுகிறீர்கள். எங்கள் வன்னிப் பகுதியில் பெரும்பாலான கிணறுகளும் குழாய்க் கிணறுகளும் வன்னீர்தான். கல்சியமும் மக்னீசியமும் கரைந்த தண்ணி. ஒரு லீற்றரில், கல்சியம் காபனேற்றுக் கணக்கில், 180 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே மிக வன்மையான நீர் என்பார்கள். சவர்க்காரம் நுரைக்க மறுத்து, தயிர் திரிந்த மாதிரி வாளியில் மிதக்கிறதே, அதுவும் இதனால்தான்.

தண்ணி ஆவியாகப் போகும், கல் போகாது. ஒரு துளி காயும்போது அதிலிருந்த கல்லெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி வளையமாகப் படிகிறது. நிழலில் மெதுவாகக் காய்ந்தால் அது பெயின்றின் மேலே சும்மா கிடக்கும். வெயிலில் நின்ற பொனற்றில் உள்ளங்கையை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பெயின்றும் இளகி நிற்கும். அப்போது காய்கிற கல், வளையத்தின் வடிவிலேயே பெயின்றை அரித்துக் குழி போட்டுவிடும். பிறகு கல்லைக் கரைத்து எடுத்தாலும் குழி மிஞ்சும்.

அதனால் நான் வெயில் ஏறக் கழுவுவதில்லை. காலை ஏழு மணிக்கு முதல், அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. ஓடி வந்து நிறுத்திய வாகனமென்றால் பொனற் ஆறும்வரை காத்திருப்பேன். புறங்கையை வைத்துப் பார்ப்பேன், குளிர்ந்திருக்க வேண்டும். பிறகு கூரை, கண்ணாடி, பொனற், கதவுகள் என்று பகுதி பகுதியாகக் கழுவுவேன். ஒரு பகுதியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மற்றப் பகுதிகள் காயாமல் இடைக்கிடை தண்ணி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முழுக் காரையும் நுரை பூசி வைத்துவிட்டு, தொலைபேசி அடிக்கிறது என்று உள்ளே போகவே கூடாது.

கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணியே வேண்டாம். மழைத்தண்ணி இருக்கிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கூரையால் கொட்டுகிற தண்ணியில் கல் இல்லை. முதல் மழை கூரை ஊத்தையைக் கழுவிக்கொண்டு வரும், அதை ஓடவிடுங்கள். அடுத்த மழையிலிருந்து ஒரு பரலில் பிடித்து, நுளம்பு முட்டையிடாதபடி வலைத் துணியால் வாயை இறுகக் கட்டி வையுங்கள். ஒரு சின்னக் காருக்கு இரண்டு வாளி போதும். பீச்சி அடிக்காமல், கூரையில் இருந்து மெதுவாக வழியவிட வேண்டும். அப்படி வழிகிற தண்ணி ஒரே தகடாக இறங்கித் துளிகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கோடையில் பரல் வெறுமையாகிவிட்டால், பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணி கடைகளில் இருக்கிறது. அதில் ஒரு போத்தல் வாங்கித் தெளிகருவியில் விட்டு, கறுப்புப் பகுதிகளுக்கும் கண்ணாடிக்கும் மட்டும் பாவிக்கலாம்.

அலசிய கையோடு துடைக்கவும் வேண்டும். தடிப்பான மைக்ரோபைபர் துவாயைப் பொனற்றின்மேல் விரித்து, இரண்டு மூலையிலும் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். அமத்தித் தேய்க்கத் தேவையில்லை. பக்கக் கண்ணாடி இடுக்கிலும் கதவுப் பிடிக்குள்ளும் நிற்கிற தண்ணி பத்து நிமிடம் கழித்துக் கண்ணீர் மாதிரி வழியும். அதையும் நின்று துடைத்துவிட்டுப் போங்கள்.

புள்ளி விழுந்துவிட்டதா? அன்றைக்கே என்றால் வழி இருக்கிறது. வெள்ளை வினாகிரியும் மழைத்தண்ணியும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து, நிழலில் குளிர்ந்து நிற்கிற பெயின்றின்மேல் ஒன்று இரண்டு நிமிடம் போர்த்தி வையுங்கள். பிறகு நிறையத் தண்ணி விட்டு அலசித் துடையுங்கள். முதலில் ஒரு மூலையில் செய்து பார்ப்பது நல்லது. பெயின்ற் பெயர்ந்து தகரம் தெரிகிற இடத்தில் வேண்டாம். வினாகிரி பட்ட இடத்தில் பெயின்றைக் காக்கிற வக்ஸும் (மெழுகுப் பூச்சு) போயிருக்கும், திரும்பப் பூச வேண்டும். கரைந்த பிறகும் வளையத்தின் நிழல் தெரிந்தால் அது அரித்த குழி.

அந்தக் குழியை உரசி எடுக்கலாம் என்று நினைத்ததுதான் என் கையைச் சுட்டது. என்னுடையது கடும்நீல விற்ஸ் கார். ஒட்டுப்பட்டறை வைத்திருந்த சிநேகிதனிடம் இரும்பு தேய்க்கிற கைக் கிரைண்டரை இரவல் வாங்கி, அதில் கம்பளிச் சில்லைப் பூட்டி, பெயின்றை உரசுகிற பசையான றபிங் கொம்பவுண்டைத் தடவி ஓடவிட்டேன். பொலிஷ் மெசின் நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் சுற்றில் வேலை செய்யும். நாலு அங்குலக் கிரைண்டரோ பதினோராயிரத்துக்குக் கிட்டச் சுற்றுகிற சாமான். முதல் இரண்டு நிமிடம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. பொனற்றின் நடுவே ஓடுகிற மடிப்புக்கு வந்ததும் ஒரு கருகல் மணம். கம்பளியைப் பார்த்தேன், நீலம். மடிப்பின்மேல் பால் ஊற்றிய மாதிரி ஒரு மங்கல், அதன் நடுவில் நகக்கீறு அளவில் சாம்பல் நிற அடிப்பூச்சு.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கிறது. மினுக்கம் அதில்தான். அதன் தடிப்பு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்கிரோன் (ஒரு மைக்கிரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஒரு தலைமயிரை விட மெல்லிசு. அடிப்பூச்சு, நிறம், கிளியர் எல்லாம் சேர்த்தாலே 100 முதல் 150 மைக்கிரோன்தான் வரும். மடிப்பிலும் ஓரத்திலும் அதிலும் குறைவு. உரசுகிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கணக்கில் இருந்துதான் கழிகிறது, திரும்ப வராது. துணியில் காரின் நிறம் வந்தால் கிளியர் முடிந்தது என்று அர்த்தம். கிளியரே இல்லாத பழைய மொறிஸ் மைனர் போன்றவற்றில் மட்டும் நிறம் வருவது இயல்பு. பொனற்றை முழுதாகத் திரும்ப அடித்தேன். அந்த மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போனது. நிறமும் பொருந்தவில்லை. காரை விற்கும் மட்டும், வெயிலில் நின்றால் பொனற் தனியாகவும் மட்காட் தனியாகவும் தெரிந்தது.

பரந்தன் தம்பியின் காரில் பாதிக்கு மேற்பட்ட வளையங்கள் வினாகிரிக்குக் கரைந்தன. பொனற்றின் இடப்பக்கத்தில் ஒரு முப்பது நாற்பது மிஞ்சியது. "மெசினைப் பிடியுங்கோவன் அண்ணை" என்றார். பூச்சின் தடிப்பை அளக்காமல் நான் மெசினைத் தொடுவதில்லை. மெல்லிய பொலிஷால் கையால் ஒருதரம் இழுத்து, மேலே வக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன். கிட்ட நின்று பார்த்தால் இன்னும் தெரியும்.

கிரவல் தூசியைத் துணியால் தட்டுவது

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கிற ஏ9 வீதி தார்தான். அதிலிருந்து உள்ளே திரும்பினால் கிரவல். ஒட்டுசுட்டான் பக்கமோ அக்கராயன் பக்கமோ ஒருதரம் போய்வந்தால் கறுப்புக் கார் செம்மஞ்சளாகிவிடும். அந்தத் தூசியில் சிவப்பு மட்டுமல்ல, படிகக் கல்லின் பொடியும் உண்டு. அது கண்ணாடியைக்கூடக் கீறும், பெயின்ற் எம்மாத்திரம். ஓட்டுநர்கள் பலர் ஆசனத்துக்குக் கீழே ஒரு பழைய சாரத்துண்டு வைத்திருப்பார்கள். நின்ற இடத்தில் எல்லாம் எடுத்து ஒரு தட்டு, ஒரு துடைப்பு. ஆறு மாதத்தில் அந்தக் காரை வெயிலில் பாருங்கள், சிலந்தி வலை பின்னியது மாதிரி இருக்கும்.

தூசியோடு ஓடுவதில் வெட்கமில்லை. தண்ணி கிடைக்கும்வரை தொடாமல் விடுங்கள். கழுவும்போதும் முதலில் வெறும் தண்ணியை மேலிருந்து கீழே ஓடவிட்டு மண்ணை இறக்கிவிட்டுத்தான் துணி. வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் ஷாம்பூத் தண்ணி, மற்றதில் துணியை அலசுகிற தண்ணி. அலசுகிற வாளியின் அடியில் கடைசியில் எவ்வளவு மண் படிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே வாளி என்றால் அவ்வளவும் கதவில்தான் தேய்ந்திருக்கும். துணி நிலத்தில் விழுந்தால் அன்றைக்கு அதைப் பெயின்றில் வைக்க வேண்டாம், சில்லுக்கு எடுத்துவிடுங்கள்.

சில்லைக் கடைசிக்கு விடுவது

கீழே இருப்பதால் கடைசியில் கழுவுகிறார்கள். அதற்குள் மேலே துடைத்த இடமெல்லாம் சில்லில் இருந்து தெறித்த கறுப்புத் தண்ணி விழுந்துவிடும். முதலில் சில்லு, பிறகு உடல். சில்லுக்கு வேறு வாளி, வேறு துணி. ரிம்மில் படிகிற அந்தக் கறுப்பு, பிறேக் தட்டும் அதைப் பிடிக்கிற பிறேக் கட்டையும் தேய்ந்து வருகிற இரும்புத் துகள். சுடச்சுட வந்து ஒட்டி, ஈரம் பட்டுத் துருப்பிடித்து, ரிம்மின் பூச்சுக்குள் வேர்விடும். வாரத்துக்கு ஒருதரம் ஷாம்பூவும் மெல்லிய தூரிகையும் போதும். மாதக்கணக்கில் விட்டால் எதற்கும் மசியாது. ரிம் ஆறிய பிறகு கழுவுங்கள். கழுவி முடிந்ததும் வளவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தரம் பிறேக் பிடித்து ஈரத்தைக் காயவையுங்கள். நனைந்த பிறேக் முதல் மிதியில் வழமைபோல் பிடிக்காது.

கக்கூஸ் கழுவுகிற அசிட்

அலோய் ரிம்முக்கு வேண்டாம். அது அலுமினியத்தைத் தின்னும்.

ரயரின் மிதிப்பில் மினுக்கம் பூசுவது

வழுக்கும். பக்கச் சுவருக்கு மட்டும், அதையும் துடைத்துவிட்டு ஓடுங்கள். மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஒயிலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

முறிகண்டிச் சந்தனத்தைக் காயவிட்டுச் சுரண்டுவது

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் ஏ9இல் போக எங்களுக்கு மனம் வராது. வரும்போது வாகனத்துக்கும் சந்தனம், குங்குமம், விபூதி. அது இருக்கட்டும். ஆனால் பொனற்றில் பூசிய சந்தனம் வெயிலில் காய்ந்து வெடித்த பிறகு நகத்தால் சுரண்டுகிறார்கள். விபூதி சாம்பல், உலர்ந்த நிலையில் தேய்த்தால் கீறும். குங்குமம் வெள்ளைக் காரில் ரோசாக் கறை விடும். முன்கண்ணாடியின் மேல்மூலையில் வையுங்கள், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. பொனற்றில் வைத்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் நனைந்த துணியை ஐந்து நிமிடம் போட்டு, ஊறவிட்டு எடுங்கள்.

கலியாணக் காருக்கும் இதே கதைதான். பூவையும் நாடாவையும் ஒட்டுரேப்பால் ஒட்டி, இரண்டு நாள் வெயிலில் விட்டு, பிறகு இழுப்பார்கள். திரும்ப அடித்த பெயின்ற் என்றால் ஒட்டுரேப்போடு உரிந்து வரும். நாடாவைக் கதவு இடுக்கிலும் கொக்கியிலும் கட்டுங்கள். ஒட்டுரேப் ஒட்டத்தான் வேண்டும் என்றால் அன்று இரவே எடுத்துவிடுங்கள்.

வேப்பமர நிழல்

பழக்காலத்தில் வேண்டாம். பழம் தின்னுகிற காகமும் குயிலும் மேலேதான். எச்சம் அமிலம், அதற்குள் கொட்டையும் இருக்கும். கடதாசியால் துடைத்தால் கொட்டையால் கீறுவீர்கள். ஈரத்துணி போட்டு ஊறவிட்டு, மேலே தூக்கி எடுங்கள். அன்றைக்கே.

வாய்க்காலுக்குள் இறக்கிக் கழுவுவது

இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணியில் கல் குறைவு, புள்ளி விழாது என்று சொல்லி உழவு இயந்திரத்தோடு கார்களையும் இறக்குகிறார்கள். கிணற்றுத் தண்ணியைவிட அது மென்மையானது என்பது சரி. ஆனால் அதில் கலங்கி வருகிற மணல் அதே பெயின்றைக் கீறும். சில்லுத் தாங்கிக்குள் (பெயரிங்) தண்ணி ஏறினால் கிறீஸ் கழுவுப்பட்டு, சில மாதத்தில் சில்லு உறுமத் தொடங்கும். அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. நீங்கள் கழுவிவிடுகிற ஒயிலும் ஷாம்பூவும் கீழே ஒருவருடைய வயலுக்குத்தான் போகிறது. இடையில் பிள்ளைகள் குளிக்கிறார்கள். அந்தத் தண்ணிதான் வேண்டும் என்றால் இரண்டு கலனில் அள்ளிக்கொண்டு வாருங்கள், மண் அடியில் படிய ஓர் இரவு வையுங்கள், விடிய மேல்தண்ணியை மட்டும் வார்த்து வீட்டு முற்றத்தில் கழுவுங்கள். என் வளவில் கார் நிறுத்தும் இடம் கிணற்றில் இருந்து தள்ளி, வாழைப் பக்கமாகச் சரிவாக இருக்கிறது. கிரவல் போட்ட ஒரு சின்னக் குழியில் இறங்கி, ஒயில்படை மேலே தங்கி, தண்ணி மண்ணுக்குள் வற்றும். அந்த மேல்படைக் கிரவலை வருசத்துக்கு ஒருதரம் அள்ளி மாற்றுகிறேன்.