பழைய மாருதி 800-ல பிரேக் ஏர் எடுக்கிறது எப்படி?

பெடலை மிதிச்சா பஞ்சு மூட்டைய மிதிச்ச மாதிரி அமுங்குதா, அப்ப லைன்ல ஏர் இருக்கு. ஆயில் அமுங்காது, காத்து அமுங்கும், உங்க மிதியெல்லாம் அந்தக் காத்த அமுக்கறதுலயே போயிடும். ஆனா முதல்ல லீக் பாருங்க, வீல் உள்பக்கம் ஈரமா இருந்தா அத சரி பண்ணாம ஏர் எடுத்து புண்ணியமே இல்ல.

சீல் பிரிக்காத புது பிரேக் ஆயில் (பிரேக் ஆயில் டேங்க் மூடியில டாட் 3-ங்கற ரகம் போட்டிருந்தா அதே), ரிங் ஸ்பானர், உள்ள தெரியற மாதிரி ட்யூப், ஒரு பாட்டில், பெடல் மிதிக்க ஒரு ஆள், இவ்ளோதான். முந்தின நாள் ராத்திரியே பிளீடர் நிப்பிள்ல (வீல் உள்பக்கம் ஏர வெளிய விடற சின்ன ஸ்க்ரூ) துரு விடற ஸ்ப்ரே அடிச்சு வைங்க. பழைய வண்டில அது துருவேறி இறுகிக் கெடக்கும், ஓபன் ஸ்பானர் போட்டு மல்லுக்கட்டினா முனை மழுங்கும், இல்லன்னா உடைஞ்சே போயிடும்.

இஞ்சின் ஆஃப். பெடல் கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் அடிங்க, பூஸ்டர் (மிதிக்கற பலத்தைக் கூட்டற பாகம்) இருக்கற வண்டின்னா அதுல இருக்கற வேக்கம் போயிடும். டேங்க்ல கறுத்துப்போன ஆயில சிரிஞ்ச்ல உறிஞ்சிட்டு புதுசு ஊத்துங்க.

மாஸ்டர் சிலிண்டர்லேர்ந்து (பெடல மிதிச்சா ஆயில லைனுக்குத் தள்ளற சிலிண்டர்) தூரமா இருக்கற வீல்ல ஆரம்பிக்கணும். நம்ம ஊர் வண்டிக்கு அது பின் இடது, அப்புறம் பின் வலது, முன் இடது, கடைசில முன் வலது. நிப்பிள்ல ட்யூப மாட்டி இன்னொரு முனைய பாட்டில்ல ஆயிலுக்குள்ள முக்கி வைங்க. "மிதி"ன்னு சொல்லுங்க, அவரு மெதுவா மிதிச்சு "புடிச்சிருக்கேன்"னு சொன்னதும் கால் சுத்து லூஸ் பண்ணுங்க, ஆயிலும் குமிழியும் வரும், பெடல் கீழ போகும், காலை எடுக்காம இருக்கும்போதே டைட் பண்ணிட்டு அப்புறம்தான் "விடு". நாங்க முதல் தடவை பண்ணப்ப எங்கப்பா ஏதோ ஞாபகத்துல முன்னாடியே காலை எடுத்துட்டாரு, வெளிய போன காத்து அத்தனையும் திரும்ப உள்ள!

பெடலுக்கு கீழ ஒரு கட்டைய வைங்க. தினமும் போகாத அடி ஆழத்துக்கு பெடல் போனா, மாஸ்டர் சிலிண்டர் உள்ள துரு புடிச்ச இடத்துல சீல் உரசி கிழியும், ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டரே மாத்தற கதை இப்படித்தான் வருது.

அஞ்சாறு மிதிக்கு ஒரு தடவை டேங்க பாருங்க, காலியானா முதல்லேர்ந்து. பெயின்ட்ல ஆயில் பட்டா உடனே தண்ணி ஊத்திடுங்க, பெயின்ட உரிச்சிடும்.

முடிச்சதும் இஞ்சின் ஆஃப்லயே நாலஞ்சு தடவை அடிச்சு, பெடல மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க. கொஞ்சம் கீழ எறங்கினா பூஸ்டர் ஓகே. பெடல் கெட்டியா இருந்தும் ரொம்ப கீழ போய்தான் புடிக்குதுன்னா அது ஏர் இல்ல, பின்னாடி டிரம்ல ஷூ அட்ஜஸ்ட்மென்ட் பாருங்க.