குடுவைச் செடி வளர்க்க: பூச்சியை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

குடுவை போன்ற இலையில் பூச்சியைப் பிடித்து உண்ணும் குடுவைச் செடியை வாங்குபவர்கள் பூச்சிக்கு எங்கே போவது என்றுதான் முதலில் கவலைப்படுகிறார்கள். மாடியிலோ பால்கனியிலோ வைத்தால் எறும்பு தானாகவே வந்து விழும். செடியைக் கொல்வது பசி அல்ல, உப்பு.

மேகாலயாவின் காசி, காரோ மலைகளில் வளரும் நெப்பந்தஸ் காசியானா என்ற குடுவைச் செடியைப் பாருங்கள். அடைமழை அங்கே மண்ணின் சத்தை அரித்துக்கொண்டு போய்விடுகிறது. மண்ணில் போதாத நைட்ரஜனையும் பாஸ்பரசையும் குடுவையில் விழும் பூச்சியைக் கரைத்துச் செடி எடுத்துக்கொள்கிறது. சத்தான மண்ணுக்குப் பழகாத வேர் அது. அதனால் செம்மண், தொழு உரம், மண்புழு உரம் எதுவுமே வேண்டாம்.

காசியானா பாதுகாக்கப்பட்ட இனம், காட்டுச் செடியைத் தொடக்கூடாது. நர்சரியில் ‘வென்ட்ராட்டா’ என்ற கலப்பினத்தைக் கேளுங்கள். நம் ஊர் வெயில் காலத்தை ஓரளவு தாங்கும்.

கலவை: தேங்காய் நார்த்தூள் பாதி, பெர்லைட் (எடையில்லாத வெள்ளை எரிமலைக் கல் துகள்) பாதி. பலருக்கும் செடி போவது இந்த நார்த்தூளால்தான். ‘கழுவியது’ என்று அச்சிட்ட கட்டியிலும் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து, இரவு முழுக்க விட்டு, துணியில் கட்டிப் பிழியுங்கள். காப்பி நிறத்தில் வடியும் அந்த நீரில், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்கள். ஊற்றிய தண்ணீர் மீட்டரில் காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். நிறம் வெளுத்தால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள், உப்பு கண்ணுக்குத் தெரியாது.

மீட்டர் இல்லாமல் இந்தச் செடியில் இறங்காதீர்கள் என்பேன். பேனா மாதிரி இருக்கும் சாதாரண மீட்டரே போதும். ஊற்றும் தண்ணீர் மீட்டரில் 50 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சம் பங்கில் 50 பங்கு உப்பு) இருந்தால் நல்லது. போர்வெல் தண்ணீர் ஆகவே ஆகாது. மழைநீர்தான் என் முதல் தேர்வு, அடுத்தது ஆர்.ஓ. தண்ணீர்.

அப்புறம் நடுவது சுலபம். மண்தொட்டியின் சுவரில் உப்பு படிவதால் பிளாஸ்டிக் தொட்டிதான் எனக்குப் பிடிக்கும். வேரை உதறாமல் வைத்து, காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். கலவை ஈரமாக இருக்கட்டும், அடியில் தண்ணீர் தேங்க வேண்டாம்.

பிற்சேர்க்கை: ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியும் இலை கருகுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். சில இயந்திரங்கள் ருசிக்காகத் தாது உப்பை மறுபடி சேர்க்கின்றன. இயந்திரத்தின் குழாயில் வருவதை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கூரியரில் வந்த செடியின் குடுவைகள் காய்ந்தால் பயப்பட வேண்டாம், புது இலையைக் கவனியுங்கள். குடுவையாக மாற வேண்டிய அதன் நுனி மொட்டு பெரிதாகாமலே கருகினால் வெளிச்சமோ காற்றின் ஈரப்பதமோ போதவில்லை. இடத்தை மாற்றுங்கள். குடுவைக்குள் இறைச்சித் துண்டு போடுவது மட்டும் வேண்டாம், அழுகி நாறும்.